நாளைக்காரியும் அட்டைப்படமும்

மூன்றாம் ஆண்டு வரலாற்று வகுப்பில் பாதியில் வந்து சேர்ந்த மாணவி பேசுவது, பேசிய இடத்திலேயே, சரியாக இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் கேட்கும். திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகைப் பதிவின்போது அவள் வாயைத் திறந்து மூடினால், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அதே பெஞ்சிலிருந்து "உள்ளேன் ஐயா" வரும். பேராசிரியர் அன்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, மறுநாள் பேனாவால் அழுத்துவார். முன்பு படித்த இரண்டு கல்லூரிகள் அவளிடம் வருத்தம் தெரிவித்து அனுப்பிவிட்டன. இந்தக் கல்லூரி சிறியது, தனியார், நானூறு பேருக்கான இடத்தில் முந்நூற்றுப் பத்துப் பேர் படித்தார்கள். அதனால் எல்லோரையும் வரவேற்பது அதன் கொள்கையாக இருந்தது. கேண்டீன்காரர் இரண்டே நாளில் பழகிவிட்டார். பதினொன்றேகாலுக்கு ஆளில்லாத இடத்திலிருந்து "அண்ணே, ஒரு டீ, சக்கரை கம்மியா" என்று குரல் வந்தால், "அது நேத்தே குடிச்சாச்சும்மா" என்று காற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார். மாணவர்கள் அவளுக்கு நாளைக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

இது ஒருவனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவன் பெயர் அட்டைப்படம். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் காது போனவன். பேச்சு வரும், உதட்டைப் பார்த்து மற்றவர் பேச்சையும் பிடித்துவிடுவான். ஆனால் வரலாற்றுப் பேராசிரியருக்கு மேலுதட்டை மூடிய மீசை, அதோடு கரும்பலகையிடமே பேசும் பழக்கம். ஆகவே கல்லூரி அவனுக்காக ஓர் அக்காவை வேலைக்கு வைத்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேராசிரியர் சொல்வதையெல்லாம் மடிக்கணினியில் தட்டுவார், அவன் படிப்பான். இரண்டு வருடம் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் அவனும் தட்டச்சு அக்காவும்தான் அட்டையில் சிரித்தார்கள். அந்தப் பெயர் கேலிக்கு வைத்ததுதான். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, விருந்தினர் வரும் நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

ஏற்பாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. முதல்வர், நூலகர், அலுவலக எழுத்தர், மூன்று பேர். வகுப்பில் பேசுவதற்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதால் நாளைக்காரி எழுதிக் காட்டினால் செல்லாது. அவள் சொல்வது வந்து விழும்போது குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். குழு ஒன்றரை மணி நேரம் யோசித்துக் கையிலிருந்த ஒரே தட்டச்சு அக்காவை அவளுக்குக் கொடுத்தது. வகுப்பு இன்று ஏழாம் அறையில் நடந்தால் அக்கா நேற்று நடந்த நான்காம் அறைக்குப் போய், காலி பெஞ்சின் முன் உட்கார்ந்து தட்டினார். கால அட்டவணையில் 'நேற்று' என்று ஒரு பத்தி சேர்ந்தது. அட்டைப்படத்துக்கு மீசை மிஞ்சியது.

"கோச்சுக்காதடா தம்பி, நீ எப்படியும் சமாளிச்சுருவ" என்றார் அக்கா.

"காலி பெஞ்சு என்னைவிட நல்லாப் படிக்குதோ?" என்று கேட்டான் அவன்.

புதிய விளம்பரப் புத்தகம் வந்தது. அட்டையில் நாளைக்காரி வாயைத் திறந்திருந்தாள். அவன் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், பேருந்து எண்களுக்குக் கீழே இருந்தான். அதை அவன் அளவுகோல் வைத்து அளந்தான் என்பது உண்மை. ஒருமுறைதான் அளந்தான் என்பது உண்மையில்லை. அதைவிட அவனை அரித்தது வேறொன்று. அவள் நடைவழியில் சிரித்தால் மறுநாள் அந்த நேரத்துக்கு அங்கே ஒரு கூட்டம் சேர்ந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்து நாற்பது பேர் முகம் மலர்ந்து நிற்பார்கள். கல்லூரியே கேட்ட அதிசயம் அவன் ஒருவனுக்குக் கேட்கவில்லை. போதாக்குறைக்கு மடிக்கணினியும் போயிற்று. இனி அவளுக்கு எதைக் கொடுப்பார்கள் என்று, பேனா மூடியைக் கடித்தபடி கணக்குப் போட்டான்.

இத்தனைக்கும் அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவள் வந்த முதல் வாரம், பேராசிரியர் ஒரு மன்னனின் ஒன்பது மனைவியரைப் பட்டியலிட்டு முடித்ததும், "சண்டைக்கு வெளிய எதுக்கு சார் போனாரு?" என்றாள் நாளைக்காரி. அட்டைப்படம் தனியாக வெடித்துச் சிரித்தான். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் அதே நிமிடம் அறையே சிரிப்பில் குலுங்கியபோதுதான் அவனுக்கு விளங்கியது: குரல்தான் தாமதம், உதடு தாமதமில்லை. அவள் இன்று பேசுவது இன்றே கிடைக்கும் ஒரே ஆள் அவன்தான். குழுவிடம் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் அக்கா அன்றே திரும்பி வந்திருப்பார். அவன் சொல்லவில்லை. தனக்கு நல்லதுதான் என்று தெரிந்தாலும், அவளுக்கும் அது நல்லதாகிவிடுமே. அவன் அந்தப் பருவத்தில் இரண்டு பாடத்தில் தோற்றான். பொறாமைக்கு அவ்வளவு செலவு செய்தவர்கள் அந்தக் கல்லூரியில் வேறு யாருமில்லை.

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு வந்தது. தேறாவிட்டால் பட்டம் இல்லை. வெளியூர்த் தேர்வாளர் காலையில் ரயிலில் வந்தார். மாலை ரயிலில் போக வேண்டும். முதல்வர் கெஞ்சினார். எழுதித் தரட்டுமா என்று நூலகர் கேட்டார். "எழுதினா அது எழுத்துத் தேர்வுங்க" என்றார் தேர்வாளர். பழைய துறைமுக நகரம் ஏன் அழிந்தது என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்காரி வாயசைத்தாள். அறை அமைதியாக இருந்தது. தேர்வாளர் பேனா மூடியைத் திறந்தார்.

திறந்த கதவுக்கு வெளியே அடுத்த ஆளாக உட்கார்ந்திருந்த அட்டைப்படம் எல்லாவற்றையும் பார்த்தான். ஆற்றுவாய் தூர்ந்தது, வணிகர்கள் தெற்கே போனார்கள் என்று இரண்டு காரணங்கள், அவனும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவை. மூன்றாவதாக, நல்ல தண்ணீர்க் கிணறுகள் உப்பானதைச் சொன்னாள். அது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு எரிந்தது. அப்போது அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"உனக்குப் புரியுதுன்னு முதல் வாரமே தெரியும். நீதான் சிரிச்சியே. நீ எதாவது சொன்னா அப்பவே ஒருத்தர் பதில் சொல்றாங்க, அதைப் பாத்தா எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா? சொல்ல இஷ்டமில்லன்னா விடு. நான் நாளைக்குப் பாஸாகிக்கிறேன்."

தன்னைப் பார்த்தும் ஒருவருக்கு வயிறு எரியும் என்று அவன் அதுவரை நினைத்ததே இல்லை. மனம் குளிர்ந்துபோய் எழுந்து உள்ளே நடந்தான். ஆற்றைச் சொன்னான், வணிகர்களைச் சொன்னான். கிணற்றை விழுங்கிவிடலாமா என்று ஒரு மூச்சு நின்றான். பிறகு கிணற்றையும் சொன்னான், தன்னுடையது இல்லை என்பது விளங்க அவளைக் கைகாட்டியபடி. தேர்வாளர் விதிப் புத்தகத்தை இருமுறை புரட்டினார். விடை வாயால் வர வேண்டும் என்றுதான் இருந்தது. யாருடைய வாய் என்று இல்லை. அவனையும் கேட்டு முடித்த பிறகு, அவளுக்கு அவனைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டார்.

மறுநாள் அதே நேரத்துக்கு முந்நூறு பேர் அந்த அறையில் நெருக்கியடித்தார்கள். ஆறு, வணிகர், கிணறு, எல்லாம் சொல் பிசகாமல் வந்தன. அதன் பிறகு முந்நூறு முகங்களும் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பியதை அட்டைப்படம் கண்டான். வந்து விழுந்த பேச்சைத் தட்டச்சு அக்கா தட்டி, கணினியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதை எப்படா தெரிஞ்சுக்கிட்ட?" என்றார்.

"நேத்து" என்றான் அவன். அவன் காது சிவந்திருந்தது.

குழு பத்தே நிமிடத்தில் கூடி அக்காவைத் திருப்பிக் கொடுத்தது. எஞ்சிய வகுப்புகளில் நாளைக்காரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அவன் வகுப்புக்குச் சொன்னான், சில நகைச்சுவைகளைத் தன்னுடையதாகவும் சேர்த்து. மறுநாள் உண்மை வந்து அவனைக் காட்டிக்கொடுக்கும், அடுத்த நாளும் அதையே செய்வான். தோற்ற இரண்டு பாடங்களையும் எழுதித் தேறினான். அடுத்த புத்தகத்தின் அட்டையில் இருவரும் இருந்தார்கள். அவன் அளந்தான். அவள் அரை அங்குலம் பெரியவள்.

கடைசி நாளன்று மாலை நான்கு பத்துக்கு, வாசல் கதவருகே நின்று, நாளைக்காரி அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். இருவரும் ஒரே பேருந்தில் ஏறிப்போனார்கள். என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள மறுநாள் வகுப்பு முழுவதும் வெயிலில் காத்து நின்றது. ஒரு நாள் முன்னதாகவே அது கிடைத்துவிட்டவன்மேல் எல்லோருக்கும் பொறாமையாக இருந்தது. நான்கு பத்துக்குக் குரல் வந்தது. காவலாளி எழுந்து, யாருக்கும் செய்வதுபோல அதற்கும் கதவைப் பாதி திறந்துவிட்டு, வெளியே போவோர் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.