எட்டாவது குகையில் குட்டையன் விழுந்த கதை

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யை அச்சில் ஏற்றியவன் நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் கதை வந்தது. அதில் ஒரு தம்பி, பழைய வீடியோ கேமின் கடைசிக் குகையைத் தாண்டுவான். அவனுடைய அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கைதட்டுவாள். கதையின் அடியில் 'உண்மைச் சம்பவம்' என்று போடச் சொன்னதும் நானே. நடந்தது நேர்மாறு. சின்ன வயதில் அந்தக் கடைசி, எட்டாவது குகையைத் தாண்டியது அக்கா. தண்ணீர் கொண்டுவந்தவன் நான், அதிலும் பாதியைப் பாயில் கொட்டினேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கூட வேலை பார்க்கும் ஒருவர் அந்தக் கதையைத் தேடிப் பிடித்து, சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். "தாண்டியது நான்தான்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். விட்டுக்கொடுங்க மேடம், தம்பிதானே என்று சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. பரணிலிருந்து அந்தப் பழைய கேம் கன்சோலை இறக்கி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்ப ஒரு முறை தாண்டுவாள், அதை போனில் படம் பிடித்து அவர்களிடம் காட்டுவாள். திட்டம் அவ்வளவுதான்.

2.

தொடங்கிப் பார்த்தவை:

'ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னல் வழியே வெயில்' (வேண்டாம். வெயிலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

'அக்காவின் கண்களில் அன்று ஏதோ' (அக்காவைப் பற்றி நான் கற்பனை செய்தது போதும்.)

'டிவி நாசமாய்ப் போக.'

இதுதான் சரி.

3.

டிவி நாசமாய்ப் போக. வாங்கி நான்கு மாதம் ஆகிறது. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. போட்டதும் என் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறது, நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள் என்கிறது, நான் கேட்காத படங்களையெல்லாம் வரிசையாகக் காட்டுகிறது. ஆனால் கன்சோலின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர் செருக அதன் முதுகில் ஒரு துளை கிடையாது. பின்பக்கம் கையை விட்டுத் துழாவித் துழாவி எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நம் வீட்டில் நன்றாக ஓடும் ஒரு பொருளைக் குப்பை என்று சொல்ல இவர்கள் யார்?*

தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் போனேன். தீப்பெட்டி அளவு கன்வெர்ட்டர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு பக்கம் மூன்று வயரும் போகும், மறுபக்கம் டிவிக்குப் போகும். கிளம்பும்போது அவர் என்னிடம்

(இந்த வாக்கியத்தை இப்போது முடிக்க எனக்கு மனமில்லை. அப்புறம் வருகிறேன்.)

* கேள்வி டிவி செய்பவர்களுக்கு. எனக்கும் பொருந்தும் என்று எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது.

4.

படம் வந்துவிட்டது. அகலத் திரை பக்கவாட்டில் இழுத்துப் பிடித்ததில், நாங்கள் குட்டையன் என்று பெயர் வைத்திருந்த பொம்மை இரண்டு பிள்ளை பெற்றவன் போலப் பருத்திருந்தான். அக்கா சிரித்தாள். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஏழு குகைகளைத் தட்டுத் தடுமாறித் தாண்டினாள்.

எட்டாவதில் மூன்று கற்கள் மேலும் கீழும் ஆடும். மூன்றாவது கல் இறங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் குதிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் குழிதான்.

குட்டையன் விழுந்தான். மறுபடி விழுந்தான். பதினோரு தடவை விழுந்தான். முப்பது வருஷமாச்சு, கை மறந்திருக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"கை மறக்கலடா. நான் அமுக்கறேன், அவன் யோசிச்சுட்டு குதிக்கிறான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு நாப்பது பேரை மூச்சைப் பிடிக்கச் சொல்லி பட்டனை அமுக்கறேன். எப்ப அமுக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

5.

கூடம் கோணல்தான்.

மெக்கானிக்கின் வாக்கியத்தை முடிக்கிறேன். "படம் வந்துரும் சார், ஆனா ஒரு துளி லேட்டா வரும், ஒரு நொடிகூட இருக்காது. விளையாடும்போது கை ஒத்து வராது. டிவி செட்டிங்ல கேம் மோடுனு இருக்கு, அதை ஆன் பண்ணிருங்க, சரியாயிரும்." நான் தலையாட்டினேன். முதல் தடவை குட்டையன் விழுந்தபோது மறந்திருந்தேன், சத்தியமாக. மூன்றாவது தடவை ஞாபகம் வந்துவிட்டது. ரிமோட் என் மடியில்தான் இருந்தது.

அவள் தாண்டிவிட்டால் என் கதை பொய்யென்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும். தாண்டாவிட்டால் ஒருவேளை நானே அதை நம்பிவிடலாம். இப்படியும் ஒரு தம்பி இருப்பானா என்று இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கே சந்தேகம் வருகிறது. இருக்கிறான். மூன்றாவது பகுதியில் டிவியைத் திட்டினானே, அவன்தான்.

முடிவு (அ): தம்பி மனம் திருந்தி ரிமோட்டை எடுக்கிறான். அக்கா தாண்டுகிறாள். இருவரும் அழுகிறார்கள். (வெட்கமாக இருக்கிறது, அடித்துவிட்டேன்.)

முடிவு (ஆ), நடந்தது: அக்கா போனிலிருந்த படத்தை அழித்தாள். வயரைச் சுருட்டினாள். கன்சோலைத் துண்டில் சுற்றினாள். "நீ எழுதினதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அப்படி விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

6.

இதுவரை எழுதியதை நேற்று போனில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது பகுதி முடிந்ததும் அக்கா கேட்டாள்.

"ரிமோட் மடியிலயா இருந்துச்சு?"

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. சாப்பாட்டு அறையிலும் சுவரில் இதே மாதிரி டிவி இருக்கிறதாம். நாளை மதியம், சிரித்தவர்கள் முன்னாலேயே விளையாடப் போகிறாளாம். கன்வெர்ட்டரை ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறாளாம்.

"நானும் வரட்டுமா?"

"நீ வராத. வந்தா எழுதுவ. அந்த செட்டிங் எங்க இருக்குன்னு மட்டும் சரியா எழுதி அனுப்பு."

7.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக ஒரு முறை எழுதிய கை இது. சிரித்தவர்கள் பக்கத்தில் நீங்கள் போய் உட்காருங்கள், என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள். அவள் கேட்டதை மட்டும் சரியாக எழுதிவிடுகிறேன்.

ரிமோட்டில் பல்சக்கரம் போட்ட பட்டன். அதில் 'படம்'. அதற்குள் கீழே, கடைசிக்கு முந்தியது, 'கேம் மோட்'. அதை ஆன் செய்துவிட்டு அக்காவின் கையில் கன்ட்ரோலரைக் கொடுங்கள். தண்ணீர் கேட்டால் எழுந்துபோய் எடுத்து வந்து கொடுங்கள். கொட்டாமல்.