சீசன் முடியாத கண்மாய்

ஏழாயிரம்பண்ணைக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில் இருக்கிற செவக்காட்டுக் கண்மாய்க்குள், 2021 ஐப்பசி தொடங்கி மூன்று மழைக்காலத்துக்கு ஒரு பொட்டு மழைகூட விழவில்லை. சுற்றிலும் நன்றாகவே பெய்தது. கரையில் நிற்கும் வேப்பமரத்தின் மேற்குப் பாதி நனைந்தது, கண்மாயைப் பார்த்த கிழக்குப் பாதி காய்ந்து கிடந்தது. ஓடையில் வந்த வெள்ளம் கண்மாயின் வாய் வரைக்கும் வந்து, வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளி போலக் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, திரும்பி வைப்பாற்றுப் பக்கம் போய்விட்டது. அளக்க வந்த அதிகாரி ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்று பார்த்தார். ஒரு செருப்பு மட்டும் நனைந்தது. 'மழை போதவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டது கால்பந்துதான். அந்தப் பக்கத்தில் கால்பந்து சீசன் என்றால் கண்மாய் காய்ந்து கிடக்கிற காலம். மாசியில் தண்ணீர் வற்றித் தரை இறுகினால் சீசன் ஆரம்பம், ஐப்பசி மழையில் கோல் கம்பத்தின் அடியில் தண்ணீர் நின்றால் சீசன் முடிந்தது. பட்டாசுக் கம்பெனிகள் லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ஊரும் மோதும். ஆள் மாற்றுவது, புது ஆள் சேர்ப்பது எல்லாம் ஒரு சீசன் முடிந்து மறு சீசனுக்குத்தான். நடுவில் மாற்றினால் மாற்றிய ஊர் தோற்றதாகக் கணக்கு. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, மீறியவரும் கிடையாது.

மழை நின்ற காரணம் தங்கச்சாமி முதலாளியின் கம்பெனியில், அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றி முடிச்சுப் போடுகிற அறையில் இருந்தது. ஒரு அறைக்கு நாலு பேர்தான் உட்காரலாம். அதில் ஏழாயிரம்பண்ணை சோலையம்மாளும் தாயில்பட்டி பொன்மணியும் எதிரெதிரே பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் எந்த ஊரில் எவன் இடது காலால் அடிப்பான், எவன் கல்யாணமானதும் மூச்சு வாங்குவான் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கை முடிச்சுப் போடும், வாய் அடுத்த சீசனைப் பேசும்.

"அடுத்த சீசன்ல நாங்கதான் மதினி. எங்க ஆளுக ஓட்டத்துக்கு உங்க ஊருல எவன் இருக்கான்?" என்பாள் பொன்மணி.

"ஓடி என்னத்தக் கண்டீக? உங்க ஆளுக அடிச்ச பந்துல பாதி கருவேலங்காட்டுக்குள்ளல்ல கெடக்கு. எங்க ஆளுக நின்ன எடத்துல நின்னு ஜெயிப்பாக" என்பாள் சோலையம்மாள்.

போர்மேன் கருத்தப்பாண்டி வாசலில் நின்று, "ஏத்தா, மெதுவாப் பேசுங்க. இந்தச் சூட்டுக்கு வெடி தானாப் பத்திக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். இப்படியே போயிருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது. 2021 ஆடியில் ஒரு நாள் பொன்மணி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "அடுத்த சீசன்ல அண்ணனை நிப்பாட்டிட்டு காலேஜ் பையன் ஒருத்தனைக் கீப்பராப் போடப் போறாகளாம்ல. முட்டி போச்சுன்னு பேசிக்கிறாக." சோலையம்மாளின் கை நின்றது. அன்றைக்கு அவள் சுற்றிய வெடிகளில் ஒன்று முடிச்சில்லாமலே லோடு ஏறியது.

அண்ணன் என்று பொன்மணி சொன்னது சோலையம்மாளின் புருஷன் பாண்டிராஜை. பாண்டிராஜுக்கு மருந்து கலக்குகிற அறையில் வேலை. அங்கே பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு வேண்டுமென்றால் தட்டைப் பார்ப்பார், போதுமென்றால் கையைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றால் மட்டும் அவருக்குக் குரல் வரும். "ஏலே, எடது பக்கம் பாருலே! அவன விடாதலே!" என்று அவர் போடுகிற சத்தம் தாயில்பட்டி விலக்கு வரை கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் சோலையம்மாள் வாராவாரம் கரையில் போய் உட்கார்ந்தாள். அதில் அவள் பெயர் ஒரு தடவையும் வந்ததில்லை. சத்தம் கேட்டவரைக்கும் போதும் என்று இருந்தாள். அதுவும் போய்விட்டால் வீட்டில் என்ன மிச்சம் என்று நினைத்தாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு நடந்தே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். கூட்டத்தில் நசுங்கி, சந்நிதிக்கு எதிரே அரை நிமிஷம்தான் நிற்கக் கிடைத்தது. "ஆத்தா, இந்த சீசன் முடியவே கூடாது" என்றாள். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை வைத்து, அணுகுண்டுக்குப் போடுகிற முடிச்சையே போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். மாரி என்றால் மழை என்பதும், மழை வந்தால்தான் சீசன் முடியும் என்பதும் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. ஆத்தாளுக்குத் தோன்றியிருக்கிறது.

சீசன் முடியவில்லை. ஒரே சீசனில் நூற்று நாற்பது ஆட்டம் நடந்தது. டீக்கடைக் கரும்பலகையில் இடம் போதாமல் பக்கத்துச் சுவரிலும் எழுதினார்கள். காலேஜ் பையன் படிப்பை முடித்து, சிவகாசியில் பிரஸ் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டு, அடுத்த சீசனுக்குக் காத்திருந்தான். பொன்மணி மூன்று வருஷமாக அடுத்த சீசனில் ஜெயித்துக்கொண்டிருந்தாள். பேசிப் பேசி அந்த வராத சீசனில் தாயில்பட்டி அம்புட்டு பலமாகிவிட்டது. சோலையம்மாளும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னாள், ஆனால் 'அடுத்த' என்கிற சொல் வரும்போதெல்லாம் குனிந்துகொண்டாள். கண்மாய்க் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. ஆடு வைத்திருந்தவர்கள் பாதியை விற்றார்கள். ஊர் முனகியது, யார் மேல் முனகுவது என்று தெரியாமல்.

பாண்டிராஜ் நின்றார். சட்டப்படி சீசன் நடுவில் கீப்பர் விலக முடியாது. முட்டி முதல் வருஷம் வலித்தது, இரண்டாம் வருஷம் வீங்கியது, மூன்றாம் வருஷம் பந்து எதிர்ப் பக்கம் போகும்போதெல்லாம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் மட்டும் குறையவில்லை. 2024 ஆவணியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் சோலையம்மாள் அவருடைய முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "இந்தச் சீசன் எப்பத்தான் முடியுமோ. முடிஞ்சா கரையில உக்காந்துருவேன்" என்றார். வீட்டுக்குள் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரை வதைத்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. எண்ணெய்க் கையோடு அழுதாள். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

மறுநாள் மஞ்சள் முடிச்சைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் பொன்மணி முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பொன்மணிக்கு முதலில் கோபம் வந்தது, மூன்று வருஷத்துக் கோப்பை போன கோபம். அப்புறம் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முடிஞ்சு வச்ச காசு, வேண்டுதல் நிறைவேறினாத்தான மதினி உண்டியலுக்குப் போகும்? முடியாம இருக்கணும்ங்கிற வேண்டுதல் எப்ப நிறைவேறும்?" என்றாள். அப்படி ஒரு வேண்டுதலை யாரும் அதுவரை வைத்ததில்லை. சாமிக்கு முடிந்ததை வெட்டக் கூடாது. தவிர அந்த அறைக்குள் இரும்பும் கொண்டுவரக் கூடாது. சோலையம்மாள் போட்ட முடிச்சு சோலையம்மாளுக்கே அவிழவில்லை. பதினாலு வருஷம் எதிரே உட்கார்ந்து அவள் விரலையே பார்த்தவளால்தான் அது ஆகும்.

பொன்மணி நகத்தை வைத்தாள். சோலையம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "அவரு சத்தம் போயிரும் பொன்மணி."

"அவுக்கவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

சோலையம்மாள் கையை எடுத்தாள். "அவுத்துரு."

பதினொன்றே முக்காலுக்கு முடிச்சு அவிழ்ந்தது. மேகமில்லாத வானத்திலிருந்து செவக்காட்டுக் கண்மாய்க்குள் மட்டும் மழை இறங்கியது. மூன்று மழைக்காலத்து மழையும் மூன்று நாளில் பெய்து தீர்த்தது. கண்மாயை ஒட்டி உலர்த்தும் மேடையில் காய்ந்துகொண்டிருந்த வெடியைத் தங்கச்சாமி தானே போய்த் தொட்டுப் பார்த்தார். சுடச்சுட இருந்தது. ஆர்டரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து கரையில் நின்று மழையைப் பார்த்தார். கோல் கம்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. பாண்டிராஜ் நொண்டிக்கொண்டே இறங்கி, கம்பத்தை ஒரு தடவை தடவிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தண்ணீர் அதிகம் என்பதால் அடுத்த சீசன் 2025 சித்திரையில்தான் தொடங்கியது. பாண்டிராஜ் கரையில் சோலையம்மாளுக்கும் பொன்மணிக்கும் நடுவில் உட்கார்ந்தார். பன்னிரண்டு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. சோலையம்மாள் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாவது நிமிஷம் புதுக் கீப்பர் தப்பான பக்கம் சாய்ந்தான், கோல் விழுந்தது. பாண்டிராஜ் எழுந்தே விட்டார். "ஏலே, அங்கன என்னலே பாக்க!" என்று கத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பி, "சோலை, பாத்தியா இவன் நிக்கிற லட்சணத்த? அடுத்த சீசன்ல இவன வச்சுக்கிட்டு நாம எப்பிடி வெளங்குறது?" என்று அதே சத்தத்தில் கேட்டார்.

பொன்மணி சும்மா இருக்கவில்லை. மூன்று பேரும் இருட்டும்வரை அடுத்த சீசனைப் பேசினார்கள். வீட்டுக்குப் போயும் அவர் நிறுத்தவில்லை. திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் பேசினார். மழை அந்த வருஷத்திலிருந்து ஐப்பசியில் ஒழுங்காகப் பெய்கிறது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு சோலையம்மாள் இருக்கன்குடி போய், அவிழ்ந்த அந்த ஒரு ரூபாயை, நிறைவேறின வேண்டுதல் என்று சொல்லி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள்.