இரும்புத் தாடிக்கு ஒரு கத்தி

பஸ் டிரைவரின் தாடி இரும்பானது ஒரு செவ்வாய்க்கிழமை, பல் தேய்ப்பதற்கும் குளிப்பதற்கும் நடுவில். அன்று தக்காளி விலை சற்று இறங்கியிருந்தது. கன்னத்தைச் சொறிந்தவரின் விரலில் ரத்தம் வந்தது. மேசையில் கிடந்த கரண்டி தானாக நகர்ந்து வந்து மோவாயில் ஒட்டிக்கொண்டது. வேலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. தாடி இழுக்கும் பக்கம் வடக்கு என்று தெரிந்துகொண்டு, பனிமூட்டத்திலும் நேரம் தவறாமல் ஓட்டினார். குறையெல்லாம் வீட்டில்தான். அவருடைய ஏழு மாதப் பெண் குழந்தை அப்பா கன்னத்தில் கன்னம் வைத்தால்தான் தூங்கும். இரும்பு குத்தியதும் வீரிட்டு அலறியவள் அதற்குப் பிறகு கண்ணே மூடவில்லை. தூங்காததால் வளரவில்லை, வளராததோடு நிற்காமல் சிறுக்கவும் தொடங்கினாள். அம்மா தையல்காரி, டேப் பிடித்து அளந்து பார்த்தாள். நாளுக்கு நாலு விரற்கடை குறைந்தது. தினமும் சட்டையைப் பிடித்துத் தைத்தாள். இப்படியே போனால் தைக்கச் சட்டை இருக்கும், போட்டுக்கொள்ள ஆள் இருக்காது என்பது அவளுக்குத் தெரிந்தது.

சலூன்காரர் நாற்பது பிளேடுகளை உடைத்துவிட்டுக் கையை விரித்தார். பிறகு சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த மடக்குச் சவரக்கத்தியைக் கழற்றிக் கொடுத்தார். "அக்கா, இதுக்கு முன்னாடி இரும்பும் நிக்காதுன்னு சொல்லுவாங்க. ஆனா மொட்டையா கெடக்கு. தீட்டுறது எப்படின்னு எனக்குத் தெரியாது."

"கத்தரிக்கோலை நாந்தானே தீட்டுறேன், இது என்ன பெரிய விஷயம்?" என்றாள் தையல்காரி. அந்த வாய்க்கொழுப்புக்கு அவள் கொடுத்த விலை ஆறு நாட்கள். கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடிப்பதுபோலவே கத்தியின் முதுகைத் தூக்கி, இரண்டு கையாலும் அழுத்தி, கல்லில் தேய்த்துத் தள்ளினாள். கத்தி கர்கர் என்று கத்தியதே தவிர ஒரு முடியைக்கூட வெட்டவில்லை. கடைசி மெருகுக்காகப் புருஷனின் தோல் பெல்ட்டில் கத்தியின் கூர்வாயை முன்னே விட்டு இழுத்தாள், பெல்ட்தான் கிழிந்தது. அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். "வெண்ணெய் தடவ ஆகும், பத்திரமா வை" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏழாம் நாள் குழந்தை உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தாள். கீழே வைக்கப் பயந்து, இடது கையில் அவளை ஏந்தியபடி வலது கையால் மட்டும் தீட்ட உட்கார்ந்தாள் தையல்காரி. ஒற்றைக் கையில் அழுத்தவும் வலுவில்லை, சாய்க்கவும் வலுவில்லை. மணிக்கட்டு தளர்ந்து, கத்தி முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிந்து கிடந்தது. அப்படியே இழுத்தாள். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கத்தரிக்கோலுக்குத்தான் கை சாய்மானம் கொடுக்க வேண்டும். இந்தக் கத்தியோ தனக்கு வேண்டிய சாய்மானத்தைத் தன் தடித்த முதுகிலேயே வைத்திருக்கிறது, அதைத் தூக்காமல் இருந்தால் போதும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மத்தியானம் வரை அப்படியே தீட்டினாள். மிச்சமிருந்த பெல்ட்டில் இந்த முறை முதுகை முன்னே விட்டு இழுத்தாள். சோதித்துப் பார்க்கத் தன் தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டாள். தொடுவதற்கு முன்பே அது இரண்டானது. கத்தியை வீசித் துடைத்தபோது கொடியில் காய்ந்த துண்டின் நிழல் அறுந்து தரையில் விழுந்தது. அதைக் கூட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டுப் புருஷனை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"மெதுவாம்மா..."

"பேசாதீங்க. மூக்கு போயிடும்."

இரும்பு முடிகள் தட்டில் கலகலவென்று கொட்டின. மழமழவென்று ஆன கன்னத்தில் அவர் குழந்தையைச் சேர்த்துக்கொண்டார். அவள் ஒரு பெருமூச்சு விட்டு அந்த நொடியே தூங்கிப்போனாள். மூன்று நாள் தூங்கினாள். தூக்கத்திலேயே வளர்ந்தாள்; பிடித்துத் தைத்த தையல்கள் ஒவ்வொன்றாகப் பட் பட் என்று தெறித்தன. தான் போட்ட தையல் பிரிவதைக் கேட்டு ஒரு தையல்காரி கைதட்டிக் குதித்தது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

தாடி செவ்வாய்க்கிழமைதோறும் திரும்ப இரும்பாகிறது. அவளும் செவ்வாய்தோறும் ஒற்றைக் கையால் தீட்டி மழித்துவிடுகிறாள். கடையில் குண்டூசி வாங்குவதை அவள் நிறுத்திப் பல வருஷமாகிறது.