தகவல்: குடும்பத்தினர்

வட்டக்கச்சியைப் பிறப்பிடமாகவும் கிளிநொச்சியை வதிவிடமாகவும் கொண்ட சமாதான நீதவான், சமூகச்சுடர், சேவைச்செம்மல் வேலுப்பிள்ளை கதிர்காமநாதன் அவர்கள், காலஞ்சென்றவர்களான வேலுப்பிள்ளை, நாகம்மா தம்பதியினரின் பாசமிகு புதல்வரும், இலட்சுமியின் அன்புக் கணவரும், இம்மண்ணின் விடிவெள்ளியும் ஆவார். அன்னார் தமது பெயரால் எழுப்பிய கதிர் மஹால் திருமண மண்டபம் வரும் ஆவணியில் திறக்கப்படும் என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தகவல்: குடும்பத்தினர்.

யாரும் சாகவில்லை. இந்த அறிவித்தலை எழுதியவர் கதிர்காமநாதனேதான். பாவம், அவருக்குத் தெரிந்த உயர்ந்த தமிழ் இது ஒன்றுதான். கிளிநொச்சியில் அவருடைய இரங்கலுரை இல்லாமல் ஒரு பிரேதம் சுடலைக்குப் போவது அபூர்வம். செத்தவர்களைப் பற்றி அத்தனை ஆண்டுகள் அழகாகப் பேசியவர், தன்னைப் பற்றிப் பேச வந்ததும் அதே அலுமாரியைத்தான் திறந்தார்.

மண்டபத்தைப் பேஸ்புக்கில் பிரபலப்படுத்த, வவுனியா நெளுக்குளத்திலிருந்து சுதாஜினியைச் சம்பளத்துக்குப் பிடித்திருந்தார். முப்பது தாண்டியவள். மூன்று கடைகளுக்கும் ஒரு பல் டொக்டருக்கும் பேஸ்புக் பக்கம் நடத்தி, எல்லோருக்கும் ஆட்கள் வரச் செய்தவள். அறிவித்தலையும் அதற்குரிய படத்தையும் அவள் மண்டபத்துக்குள் நின்று இரண்டு தடவை பார்த்தாள். படத்தில் கதிர்காமநாதன் கோட்டுப் போட்டு, கழுத்தில் மாலையோடு, பக்கத்தில் குத்துவிளக்கு எரிய, எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மாலையோட படம் வேண்டாம். சனம் பிழையா விளங்கும்."

"பிள்ளை, அது பரிசளிப்பு விழாவில போட்ட மாலை. சும்மா மாலையில்லை."

"எழுத்தும் நீளம். முதல் நாலு வரிதான் வெளியில தெரியும். மிச்சம் வாசிக்க 'மேலும் பார்க்க' எண்டதை அமத்த வேணும்."

"அமத்தட்டும். விரல் இல்லையோ?"

"என்னைக் கேட்டா, மண்டபத்தைப் படமெடுப்பம். மேடை, சமைக்கிற குசினி, கழிவறை. வெளிநாட்டுச் சனம் முதல்ல அதைத்தான் கேக்கும்." அவள் மேடையைப் பார்த்தாள். "நடுவில வாளி என்னத்துக்கு?"

"அது பூ வைக்க."

வாளிக்குள் பூ இருக்கவில்லை. தண்ணீர் இருந்தது. முந்தின நாள் பின்னேரம் ஒரு சின்ன மழை பெய்திருந்தது.

"கக்கூசைப் படம் போட்டா ஆர் மதிப்பான்?" என்றார் கதிர்காமநாதன். "மண்டபத்தின்ர மதிப்பு ஆளில இருக்கு. நான் சொல்றதைப் போடுங்கோ. அதுக்குத்தானே உங்களைப் பிடிச்சது."

அந்தக் கடைசி வசனம் சுதாஜினிக்குச் சுட்டது. ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல், விடியற்காலையில் வெளியாகும்படி ஏற்பாடு செய்தாள். நல்ல வேலைக்காரர்கள் கோபத்தை இப்படித்தான் காட்டுவார்கள், சொன்னதை அப்படியே செய்து.

விடிந்ததும் சுவிஸிலிருந்து இலட்சுமியின் தங்கை அழுதுகொண்டு அழைப்பெடுத்தாள்.

"அக்கா, எப்பயக்கா முடிஞ்சது?"

"என்னடி முடிஞ்சது?"

"அத்தான்..."

"அத்தான் பின்னால நிண்டு பல்லுத் தீட்டுறார்."

அதற்குள் அறிவித்தலின் கீழே 'ஆழ்ந்த அனுதாபங்கள்' வரிசைகட்டி நின்றன. கதிர்காமநாதனுக்கு முதலில் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். "பாத்தியே இலட்சுமி, மாமனிதர் எண்டு எழுதியிருக்கிறாங்கள்." பிறகு முகம் கறுத்தது. "கோயில் தலைவர் இன்னும் ஒண்டும் எழுதேல்லை."

அவரைப் பூமிக்கு இறக்கியது குகதாசனின் அழைப்பு. குகதாசன் கனடாக்காரர். மகளின் கல்யாணத்தைக் கார்த்திகையில் ஊரில் வைப்பதற்காக வந்து, பளையில் தமக்கை வீட்டில் தங்கியிருந்தார். கதிர் மஹாலைப் பார்க்க அன்று காலை வருவதாக இருந்தார். முதல் கல்யாணமே கனடாக் கல்யாணமாக அமைந்தால் மற்றவை தாமாக வரும். முதலாவதே கை நழுவினால் 'ராசியில்லாத மண்டபம்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால், பிறகு அங்கே நெல் மூட்டைதான் அடுக்க வேண்டும். இது கதிர்காமநாதனுக்கு நன்றாகத் தெரியும். எதிரே இருந்த மண்டபம் ஒன்றுக்கு அந்தப் பெயரை ஒட்டியவரே அவர்தான்.

இலட்சுமி கைபேசியைச் சத்தமாக வைத்தாள்.

"அக்கா, இந்த நேரத்தில கதைக்கிறது முறையில்லை. மாப்பிள்ளை பகுதி சாவீட்டுத் துடக்கெண்டு யோசிக்கினம். நாங்கள் வேற மண்டபம் பாக்கிறம். இப்ப வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போறம்."

"தம்பி, அவர் உயிரோட இருக்கிறார்!"

"ஓமக்கா. எங்கட மனசில எப்பவும் உயிரோடதான் இருப்பார்."

தொடர்பு அறுந்தது. திருப்பி எடுத்தால் அந்தப் பக்கம் யாரும் தூக்கவில்லை. துக்க வீட்டுக்காரி பிதற்றுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கதிர்காமநாதன் சாரத்தோடும் பெனியனோடும் மண்டபத்துக்கு ஓடினார். அங்கே அவர் போஷகராக இருக்கும் விளையாட்டுக் கழகத்தார் வாசலில் ஏணி வைத்து, அதே மாலைப் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோது கேட்ட ஒரு காரியத்தையும் இத்தனை வேகமாக அவர்கள் செய்ததில்லை. "இறக்கடா!" என்ற குரலைக் கேட்டு ஏணியில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். பதாகையை விட்டான், ஏணியையும் விட்டான்.

அந்த நேரம் பார்த்து வவுனியா பஸ்ஸில் வந்து இறங்கினாள் சுதாஜினி.

"என்னைச் சாக்காட்டிப் போட்டியள், என்ன?"

"நான் ஒரு எழுத்தும் மாத்தேல்லை, ஐயா."

"மாத்தியிருக்க வேணும்!"

"மாத்தியிருந்தா, 'அதுக்கோ உன்னைப் பிடிச்சது' எண்டிருப்பியள்."

பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்த இலட்சுமி, "ரெண்டு பேரும் பிறகு சண்டை பிடியுங்கோ. அந்தாள் பளையில இருந்து வெளிக்கிட்டிருக்கும்" என்றாள்.

சுதாஜினி பையைக் கதிரையில் வைத்தாள். "பிழை என்னிலையும் இருக்கு. இப்பிடித்தான் வருமெண்டு தெரிஞ்சும் கோவத்தில போட்டனான்."

கதிர்காமநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன் பிழை என்று ஒருவர் தானாகச் சொல்வதை அவர் கூட்டங்களில் கண்டதில்லை.

"இனி ஒரு ஒழுங்கு வைப்பம்," என்றாள் அவள். "என்ன சொல்ல வேணுமெண்டு நீங்கள் சொல்லுங்கோ. எப்பிடிச் சொல்றதெண்டு நான் சொல்லுவன். பிழையெண்டா முகத்துக்கு நேர சொல்லுவன். கேப்பியளோ?"

"கேக்கிறன், கேக்கிறன். இப்ப என்ன செய்யிறது?"

"நேரலையில வாங்கோ. இப்பவே."

"கோட்டைப் போட்டிட்டு வாறன்."

"ஐயா, கோட்டுப் போட்டா பெட்டிக்குள்ள கிடத்தின மாதிரி இருக்கும். பெனியனோடயே நில்லுங்கோ."

கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார். "பேரன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே..."

கீழே எழுத்துகள் ஓடத் தொடங்கின. 'பழைய வீடியோ போல. பார்க்கவே கண் கலங்குது.' 'என்ன கம்பீரமான குரல்!' 'இனி ஆர் இப்படி இரங்கலுரை செய்யப் போகினம்?'

"நான் கதிர்காமநாதன். நான் உங்கள் மத்தியில் என்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்..."

'ஆத்மா சாந்தியடையட்டும்.'

"சும்மா கதையுங்கோ," என்று சுதாஜினி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சும்மா கதைப்பது எப்படியென்று அவருக்கு மறந்துபோயிருந்தது. நெற்றியில் வேர்வை இறங்கியது. வீதியில் ஒரு வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இலட்சுமி வாசலுக்குப் போய்வந்தாள். பார்த்துக்கொண்டிருப்போர் தொகை ஏறியது. அத்தனை பேரும் அழுதார்கள்.

அப்போது பக்கத்துக் கடைக்காரர் பொன்னையா எழுதினார்: 'நல்ல மனுசன். ஆனால் மண்டபக் கூரை ஒழுகும். போன உயிரைக் குறை சொல்லக்கூடாது.'

"டேய் பொன்னையா!" கதிர்காமநாதன் கைபேசியைக் கடிக்கப் போனார். "எங்கயடா ஒழுகுது? முழுக்கவோ ஒழுகுது? மேடைக்கு மேல ஒரேயொரு இடம்! அதுக்கும் வாளி வைச்சிருக்கிறன்! உன்ர கடைச் சீனி மூட்டை ஈரத்தில கட்டிபட்டதை நான் ஊருக்குச் சொன்னனானோ, விசரா?"

எழுத்துகள் நின்றன. பிறகு ஒன்று வந்தது. 'ஐயோ, ஆள் உயிரோட!' அதன் பின்னால் நூறு சிரிப்புகள்.

"எப்பிடி?" என்றார் கதிர்காமநாதன், நெஞ்சை நிமிர்த்தி. சுதாஜினி மேடைப் பக்கம் பார்த்தாள். தான் சொன்னது என்னவென்று அவர் அப்போதுதான் யோசித்தார்.

வாசலில் வான் வந்து நின்றது. துக்கம் விசாரிக்கக் கட்டிய வெள்ளை வேட்டியோடு குகதாசன் இறங்கினார். கையில் கைபேசி. அதில் கதிர்காமநாதன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்.

"அண்ணை! துடக்குமில்லை, ஒண்டுமில்லை. எவ்வளவு சந்தோசம்!" கட்டிப்பிடித்தார். பிறகு மெல்ல மேடையில் ஏறினார். மேலே பார்த்தார். கீழே வாளியைப் பார்த்தார். "மணவறை இதிலதானே வரும்? கார்த்திகை மழைக்குள்ள..."

"தம்பி, அந்த வாளி பூ..." என்று தொடங்கினார் கதிர்காமநாதன்.

"ஐயா," என்றாள் சுதாஜினி. அவ்வளவுதான்.

இலட்சுமி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். கதிர்காமநாதன் சுதாஜினியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, முன்னாலும் பின்னாலும் எந்தப் பட்டமும் சேர்க்காமல் ஒரு சொல் சொன்னார்.

"ஒழுகுது."

குகதாசனின் கண் கலங்கியது. "உண்மையைச் சொன்னியளே அண்ணை! இப்பிடி ஆக்களோடதான் ஒரு அலுவல் பாக்க வேணும்." கதிர்காமநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுதாஜினியின் கையையும் குலுக்கினார். "தங்கச்சி, நல்ல மனுசனோட வேலை செய்யிறியள்." இலட்சுமி தேத்தண்ணி ஊற்றினாள். கதிர்காமநாதன் இனித் தன் படம் எங்கும் வேண்டாம் என்றார். பக்கத்தின் கடவுச்சொல்லைச் சுதாஜினியிடமே கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

குகதாசன் திரும்பிப் போகும் வழியில் பரந்தனில் வேறொரு மண்டபத்தைப் பிடித்தார். அது ஒழுகாது.