கிடாயை விற்கச் சொன்னது யார்

கல்லூரியில் பெர்சியின் கட்டுரையைச் சிஜு சார் அவள் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"எல்லாம் உண்டு பெர்சி. குடும்பம்னா என்ன, சமூகம்னா என்ன, எல்லாம் எழுதியிருக்கே. நீ என்ன சொல்றே? அது மட்டும் இல்லா."

பெர்சிக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறாளே! ஏலத்தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறார்கள், அதனால் வீட்டு முடிவுகளை இருவரும் சேர்ந்தே எடுக்கிறார்கள் என்று.

"இதை எங்கே பார்த்தே?"

"புக்ல இருக்கு சார்."

"புக் எழுதினவர் உன் லயத்தில் வந்து தங்கினாரா? போய் ஆள்களைக் கேளு. ஒரே ஒரு வாதம் போதும். அதுக்கு ஆதாரம் வேணும். எதிர்த்துப் பேசறவன் என்ன சொல்லுவான்னும் எழுதணும். திங்கட்கிழமை வரலைன்னா இன்டர்னல் மார்க் இல்லா, கேட்டோ."

சமூகவியல் பேப்பரில் அந்த மார்க் போனால் பெர்சி ஃபெயில். ஃபெயிலானால் குமுளியில் சித்தப்பா பேசி வைத்திருக்கும் மசாலாக் கடை வேலைதான். டூரிஸ்ட் வண்டி நின்றதும் ஏலக்காய்ப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே கூச்சப்படுகிற பிள்ளை அவள்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் சகாயமேரி அத்தையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். பெர்சி போனில் பதிவுப் பொத்தானை அழுத்தி நடுவில் வைத்தாள்.

"வீட்ல முடிவெல்லாம் யாரு அத்த எடுக்கிறது?"

போனைப் பார்த்ததும் அத்தை கையைத் துடைத்துக்கொண்டு, ஞானஸ்நானப் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி நிமிர்ந்தாள். "எல்லாம் அவருதாம்மா. ஆம்பள இருக்கையில நாம என்னத்த முடிவெடுக்க?" சொல்லி வாய் மூடவில்லை, வாசல் பக்கம் திரும்பினாள். "ஏங்க! ஆட்டு யாவாரி வந்தா கிடாயப் பிடிச்சுக் குடுத்துருங்க. பேசி முடிச்சாச்சு!"

"எந்தக் கிடா?" என்று வெளியிலிருந்து வேதமுத்து மாமாவின் குரல் வந்தது.

"ஆமா, மந்தையா நிக்குது! இருக்கிறது ஒத்தக் கிடா."

பெர்சி மெல்லக் கேட்டாள். "கிடாய விக்கிறதுன்னு முடிவெடுத்தது யாரு அத்த?"

"அவருதான்."

"அவருக்கே தெரியலையே?"

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல?"

சரி, மாமாவையே கேட்போம் என்று வெளியே போனாள். வேதமுத்து கிடாயின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "நானில்லாம இந்த வீட்ல ஒரு துரும்பு அசையாது, எழுதிக்க."

"கிடா அசையுதே மாமா?"

"அது வந்து... நான் நெனைக்கப் போனதத்தான் அவ செஞ்சிருக்கா. ஒரு எட்டு முந்திக்கிட்டா, அவ்வளவுதான்."

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கூத்துதான். வாய் ஒன்று சொன்னது, வீடு வேறொன்று செய்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி பெர்சி போனும் கையுமாக உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து என்று தட்டினாள், அழித்தாள். புருஷன் என்று தட்டினாள், கிடா குறுக்கே வந்து நின்றது. பெண்டாட்டி என்று தட்டினாள், அத்தை தன் வாயாலேயே இல்லை என்கிறாள். பேசாமல் கிடாயை விட்டுவிட்டால் என்ன? கட்டுரை சுத்தமாகிவிடும். ஆனால் கிடாயும் போய்விட்டால் கையில் மிஞ்சுவது பழையபடி புக்கில் இருப்பதுதானே? கிடாயும் வேண்டும், அத்தையின் பேச்சும் வேண்டும். இரண்டையும் எந்தத் தொழுவத்தில் கட்டுவது?

கட்டி இழுத்து ஒரு வாக்கியம் வந்தது. அவள் ஆங்கிலத்தில் தட்டியதைத் தமிழில் சொன்னால் இப்படி: லயத்தில் முடிவெடுப்பது வேறு, முடிவெடுத்தவர் என்ற பெயர் வேறு, பெண்கள் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைப் புருஷனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இது சரியா, உளறலா என்று அவளுக்கே தெரியவில்லை. கிடாக் கதையையும் சேர்த்துச் சாருக்கு அனுப்பினாள்.

"இதுதான் வாதம்!" என்று குரல்பதிவு வந்தது. "ஆனா அவங்க ரெண்டு பேரும் சம்மதிக்காம அவங்க வீட்டுக் காரியம் எழுதக்கூடாது. சம்மதம் இல்லைன்னா மார்க்கும் இல்லா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அத்தையிடம் எழுதியதையெல்லாம் சொன்னாள். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

"அடிப்பாவி, இத அவரு படிப்பாரா?"

"இங்கிலீசு அத்த. பேரயும் மாத்திருவேன்."

"அப்பச் சரி. ஆனா ஆம்பளைய ஒரு வார்த்த கேக்கணும்ல? இரு." அடுப்படிக்குள் போனாள். குழம்பைக் கிண்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். "அவரு சரின்னுட்டாரு."

பெர்சி வாசல் வழியாகப் பார்த்தாள். மாமா ரோட்டோரத்து டீக்கடையில் கிளாசும் கையுமாக யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஓடினாள்.

"மாமா, உங்க வீட்டப் பத்தி நான் எழுதுறதுக்கு நீங்க சரின்னீங்களா?"

"யாரு சொன்னது?"

"அத்த."

மாமா கிளாசை ஆட்டியபடி யோசித்தார். "அவ சொன்னாளா? அப்ப நான் சொல்லிருப்பேன். எழுதிக்க."

இது சம்மதமா, இன்னொரு ஆதாரமா? எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று பிடிபடாமல், நடந்ததை நடந்தபடி கடைசிப் பத்தியாக எழுதி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறினாள்.

சிஜு சார் அந்தப் பத்தியை மறுபடியும் மறுபடியும் படித்தார். "அப்போ சம்மதிச்சது யாரு?"

"வீட்ல சம்மதிச்சாங்க சார்."

சார் மார்க் போடப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.