கவ்வாத்து ஆடு

ஆடு ஏன் தலையைச் சிலுப்பவில்லை என்பது நிமலனுக்குப் பிடிபடவே இல்லை.

தேயிலைச் செடிகளின் கிளைகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் முதல் கத்தி ஆட்டின் கழுத்தில்தான் விழ வேண்டும். அதற்கும் ஆடு சம்மதிக்க வேண்டும். மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் அது உடம்பை உதறித் தலையைச் சிலுப்பும். அதுதான் கவ்வாத்துச் சாமி கொடுக்கும் உத்தரவு. அதற்கு முன்னால் ஒரு செடியையும் தொடக் கூடாது. ஆட்டை வெட்டுகிறவன் நிமலன். சிலுப்ப வைப்பது சாமியா, தண்ணீரின் குளிரா என்று வருடா வருடம் யோசிப்பான். யோசித்துக்கொண்டே கண் கலங்கக் கும்பிடவும் செய்வான்.

இன்று இரண்டு செம்பு ஊற்றியும் ஆடு தூறலில் கல்லாட்டம் நின்றது.

"எவனோ முந்திக் கத்தி வச்சிருக்கான்," என்றார் கங்காணி வீரய்யா. போன வருடம் இதே மலையில் அவருடைய மகனின் கத்தி வழுக்கி அவன் தொடையிலேயே இறங்கியது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்துப்போனான். அது சாமி குத்தம் என்றே அவர் நம்பினார்.

தேடிப் பார்த்தார்கள். ஒரு செடியில் பச்சை மாறாத புது வெட்டு இருந்தது. நிமலனின் தங்கை புருஷன் பிரதீஷ் தலையைக் குனிந்தான்.

"சாணை புடிச்ச கத்தி, கூரா இருக்கான்னு பாத்தேன் மாமா. ஒரே ஒரு கொப்புதான்."

வீரய்யா கத்திப் பிடியால் அவன் வாயில் அடித்தார். பல் தெறித்து விழுந்தது. விழுந்தவனை மற்றவர்கள் விலாவில் மிதித்தார்கள். குறுக்கே பாய்ந்த நிமலனின் நெற்றியும் கிழிந்தது. பிரதீஷை இழுத்துப் போய்ச் சவுக்கு மரத்தில் கட்டி, வலக்கையை ஒரு மரக்கட்டையின் மேல் அழுத்திப் பிடித்தார்கள்.

"இனி ஒந்தங்கச்சிதான்டா இவனுக்குச் சோறு ஊட்டணும்," என்று ஒருவன் சிரித்தான்.

"இன்னொரு செம்பு ஊத்து நிமலா," என்றார் வீரய்யா. "சிலுப்பலைன்னா இந்தக் கையத்தான் சாமி கேக்குது."

"மச்சான்," என்றான் பிரதீஷ். வாயிலிருந்து ரத்தம் கொழகொழவென்று வழிந்தது.

நிமலன் செம்பை எடுக்கவில்லை. ஆட்டின் முதுகில் கையை வைத்தான். ரோமம் தோலோடு ஒட்டிக் கிடந்தது. மலையேறும்போது மழையில் அது பலமுறை உதறி அவன் மேலெல்லாம் தண்ணீரைத் தெறிக்க வைத்தது, பிறகு உதறுவதையே விட்டுவிட்டது. நனைந்து விறைத்த தோலில் இன்னொரு செம்பு விழுந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

துடைக்க வேண்டும். ஆனால் எல்லோர் துண்டும் நனைந்திருந்தது. சாமிக்குச் சாத்த வாங்கிய சிவப்புத் துணி மட்டும் பாலித்தீன் பைக்குள் காய்ந்து கிடந்தது. சாமியே, பொறுத்துக்க என்று முனகிக்கொண்டே அதை உருவினான்.

"சாமி துணியிலயா?" வீரய்யாவின் கத்தி அவன் பக்கம் திரும்பியது.

"சாமியோட ஆடுதானே மாமா. என்னைய வெட்டுறதுன்னா, நான் தொடச்சி முடிச்சதும் வெட்டுங்க."

வீரய்யா வெட்டவில்லை. கத்தியை ஓங்கியபடியே நின்றார். நிமலன் மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை ஆட்டுக்கு மேலே கூடாரமாகப் பிடித்து, காதுக்குள்ளும் கழுத்திலும் முதுகிலும் ரோமம் எழும்பும்வரை அழுத்தித் தேய்த்தான். தோலில் சூடு ஏறியது. எப்படிச் செய்தால் ஆடு சிலுப்பும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். ஆனாலும் சிலுப்ப வை, சிலுப்ப வை என்று உள்ளே மன்றாடிக்கொண்டே இருந்தான். அந்த மன்றாட்டில் பொய் இல்லை.

தண்ணீரை ஊற்றினான். ஆடு கொம்பிலிருந்து வால்வரை உதறியது.

நிமலன் ஒரே வெட்டாக வெட்டினான். ஆட்டின் தலை உருண்டது. சூடான ரத்தம் கட்டுண்டவன் காலில் பீய்ச்சியடித்தது. வீரய்யா கத்தியைக் கீழே போட்டு அந்த ரத்தத்திலேயே உட்கார்ந்து மகன் பெயரைச் சொல்லி அழுதார்.

நிமலன் கயிற்றை அறுத்தான்.

"சாமி உத்தரவு குடுத்திருச்சா மச்சான்?"

"குடுத்திருச்சு," என்றான் நிமலன். அப்படித்தான் நம்பினான். மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வந்தவனிடமும் மறைக்காமல் சொன்னான்: "மழை பேஞ்சா ஆட்ட மொதல்ல காயத் தொடைக்கணும். அப்புறம் குளுந்த தண்ணிய காதுலேருந்து முதுகுவரைக்கும் ஒரே மூச்சுல ஊத்தணும்."