முகப்பைத் தாண்டாத இணைப்பு

ரத்த தானம் செய்பவர்களுக்காகச் சங்கவி எழுதிய செயலியின் புதிய பதிப்பு முந்தின நாள்தான் வெளியாகியிருந்தது. இரண்டு வசதிகளைச் சேர்த்திருந்தாள். ஐகானை அழுத்திப் பிடித்தால் ‘இப்போதைய தேவைகள்’ என்ற குறுக்குவழி வரும். வாட்ஸாப்பில் வரும் இணைப்பைத் தொட்டால், ரத்தம் வேண்டியவருடைய பக்கமே நேராகத் திறக்கும். தீவின் கராச்சர்மா பகுதியிலிருந்த வீட்டில் காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னார்வலர் குழுவை நடத்தும் புஷ்பா அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தாள்.

“பாராடாங் தீவுலேர்ந்து ஒரு டெலிவரி கேஸ் வருது. திவ்யான்னு பேரு. ஓ நெகடிவ். குரூப்ல லிங்க் போட்டேன். தொட்டா முதல் பக்கம்தான் வருதாம். யாருக்கு, எங்க வரணும், குச் பி, ஒண்ணுமே தெரியலங்கறாங்க.”

“எனக்குச் சரியா திறக்குதேக்கா.”

“உனக்குத் திறந்து என்ன பிரயோஜனம்?”

சங்கவி மறுபடி தொட்டாள். திறந்தது. ஏதோ தோன்ற, செயலியை முழுதாக மூடிவிட்டுத் தொட்டாள். முகப்புதான் வந்தது. சோதித்தபோதெல்லாம் செயலி பின்னால் திறந்தே இருந்திருக்கிறது. மூடியிருந்தால், அது விழித்தெழும்போது இணைப்பு சொன்ன இடத்தைத் தவறவிட்டுவிடுகிறது.

திருத்துவது பெரிய வேலையில்லை. ஆனால் திருத்தம் ஆப் ஸ்டோரின் அனுமதி பெற்று எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டுமே. ஆம்புலன்ஸ் இந்நேரம் படகில் ஏறியிருக்குமா, காட்டு ரோட்டில் வந்துகொண்டிருக்குமா? ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

“புரோகிராமைக் கட்டிட்டு அழாத,” என்றாள் போனில் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட புஷ்பா. “ஜல்தி வேற வழி சொல்லு.”

செயலியை மூடியபடியே ஐகானை அழுத்திப் பிடித்தாள். குறுக்குவழி பிசகாமல் திறந்தது. உடனே குரலைப் பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினாள்: “லிங்க்கைத் தொடாதீங்க. ஐகானை அழுத்திப் பிடிங்க. ‘இப்போதைய தேவைகள்’னு வரும், அதைத் தொடுங்க.”

யாரும் பதில் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள், எடுத்தாள், மறுபடி கவிழ்த்தாள். கடைசியில் திரையில் ஒரு பெயர் விழுந்தது. ஜம்புலிங்கம், குட்வில் எஸ்டேட் பகுதி. ‘வருகிறேன்’ என்றிருந்தது.

வீட்டில் இருக்க முடியாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே திவ்யாவின் கணவன் கோகுல், சுவரில் சாயவும் தெரியாமல் நின்றிருந்தான்.

“வழியெல்லாம் சிக்னல் இல்லக்கா. இங்க ஆள் கிடைச்சாங்களா இல்லையான்னு தெரியாமலே வந்தேன்,” என்றான், அவள் விசாரித்ததும். “ரத்தம் ஏறுது. பொண்ணு பொறந்திருக்கு.”

தான் யாரென்று சொல்லாமலே நகர்ந்தாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். முழங்கையில் பஞ்சோடு வந்த ஜம்புலிங்கம், வேலை நடக்கும் கட்டடத்துக்குத் திரும்பும் அவசரத்திலும் நின்றார்.

“அந்த ஆப் பண்ணின பொண்ணு நீதானா? வாய்ஸ்ல கேட்ட குரல்.”

“நான்தான் சார். மூடியிருக்கறப்ப தொட்டுப் பாக்கவே இல்ல. என் தப்பு.”

“தீக் ஹை, பரவால்ல. சரி பண்ணிட்டு எனக்கு முதல்ல அனுப்பு. நான் எப்பவும் மூடித்தான் வைப்பேன்.”

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். சங்கவி போனில் செயலியை முழுதாக மூடிவிட்டு, நிரலில் தவறிய வரியைத் தேட ஆரம்பித்தாள்.